நூற்றெண்பது யென்னுக்கு விலைபோன கோட்டை

ஜப்பானிய மொழியில் 'ஜோ' என்பது கோட்டையையும் 'கா' என்பது அடியையும் 'மாச்சி' என்பது ஊரையும் குறிக்க, இம்மூன்றும் சேர்ந்த 'ஜோகாமாச்சி' என்ற சொல், ஒரு பிரபுவின் ஆணையால் அவனுடைய கோட்டையடியில் படைவீரர்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் குடியமர்த்தப்பட்டு எழுந்த நகரைச் சுட்டுகிறது. இத்தகைய நகரங்களுள் பெரும்பாலானவை மெல்ல மெல்லத் தாமாக வளர்ந்தவை அல்ல. 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகள் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முடிய, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, நூல் பிடித்துத் தெரு வகுத்து உண்டாக்கப்பட்டவை. இன்றைய மாகாணத் தலைநகரங்களில் பாதிக்கு மேற்பட்டவை அவ்வாறு பிறந்தவையே என்றாலும், கோட்டையும் அகழியும் பழைய தெருவமைப்பும் ஒருங்கே எஞ்சியிருக்கும் ஊர்கள் மிகச் சிலவே. ஹொன்ஷு தீவின் மேற்குப் பகுதியில், ஜப்பான் கடலை ஒட்டி அமைந்த ஷிமானே மாகாணத்தின் தலைநகரான மட்சுவே அச்சிலவற்றுள் ஒன்று.

மட்சுவேக்கு வருபவரின் கண்ணில் முதலில் படுவது கருநிறப் பலகைகளால் போர்த்தப்பட்ட கோட்டைத் தலைமைக் கோபுரம். ஜப்பானியர் இதனைத் 'தென்ஷு' என்பர். நாட்டில் பழைய மரக்கட்டுமானத்துடனேயே எஞ்சி நிற்கும் தென்ஷுக்கள் 12 மட்டுமே. அவற்றுள் தளப்பரப்பில் ஹிமேஜிக்கு அடுத்த இடத்தையும், உயரத்தில் ஹிமேஜி, மட்சுமோட்டோ ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தையும் பெறுவது மட்சுவேயினுடையது. அம்பு எய்யும் துளை, துப்பாக்கித் துளை, மேலிருந்து கல் உருட்டும் மறைவாய் என்று போருக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருப்பதால், கோட்டையைப் பற்றி எழுதுவோர் அதன் போர்க்கலையையே விரித்துரைப்பது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அக்கோட்டை தன் வாசலில் ஒரு போரையும் கண்டதில்லை. இரண்டரை நூற்றாண்டுக் காலம் அது காத்து நின்றது ஓர் அரிசிக் கணக்கை. அந்தக் கணக்குப் புத்தகம் மூடப்பட்ட காலத்தில் அது வெட்டு மரமாக மதிப்பிடப்பட்டு ஏலத்துக்கு வந்தது. ஊரின் கதையை அந்தக் கணக்கின் வழியாகப் படித்தால்தான் அதன் தெருக்களும் தேநீரும் இனிப்பும்கூட விளங்கும்.

1600ஆம் ஆண்டு செகிகஹாரா போரில் டொகுகாவா இயேயாசு வெற்றி பெற்றதும், அவர் பக்கம் நின்ற டைம்யோக்களுக்கு, அதாவது பெரும் நிலப்பரப்பை ஆண்ட படைத்தலைவர்களுக்கு, புதிய ஆட்சிநிலங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஹொரியோ குடும்பத்துக்கு மட்சுவே அமைந்த இசுமோ நாடும் அதற்கு வடக்கே கடலில் கிடக்கும் ஒகி தீவுகளும் கிடைத்தன. குடும்பப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருவது அங்குள்ள மரபு என்பதால், அக்குடும்பத்தின் மூத்தவரை ஹொரியோ யோஷிஹாரு என்றும் அவர் மகனை ஹொரியோ தடாவுஜி என்றும் குறிப்பர். அவர்கள் முதலில் புகுந்தது கஸ்ஸான் தோதா என்ற பழைய மலைக்கோட்டைக்குள். உட்பூசல்கள் மிகுந்த 16ஆம் நூற்றாண்டில் அமாகோ குலத்தாருக்கு அது எவராலும் எளிதில் வெல்ல முடியாத அரணாக விளங்கியது உண்மைதான். ஆனால் துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்ட பிறகு சுற்றிலும் உயர்ந்த மலைகள் இருப்பதே அதற்குக் குறையாகிப் போனது. அதைவிடப் பெரிய குறை, ஆயிரக்கணக்கான வீரர்களையும் அவர்களுக்கு உப்பும் துணியும் விற்கும் வணிகர்களையும் குடியமர்த்த அங்கே சமநிலமும் படகு வரும் நீர்வழியும் இல்லாதது.

ஆகவே அவர்களுடைய பார்வை ஷிஞ்சி ஏரிக்கும் நகா-உமி என்ற உப்பங்கழிக்கும் இடையே, அவ்விரண்டையும் இணைக்கும் ஒஹாஷி ஆற்றங்கரைக்குத் திரும்பியது. ஆற்றின் வடபுறம் சுவேட்சுகு, தென்புறம் ஷிரகாதா என்ற இரு பழைய குடியிருப்புகள் ஏற்கெனவே இருந்தன. வடக்கே கமெதா என்ற சிறு குன்று நின்றது. மகன் தடாவுஜி 1604இல் இளவயதிலேயே மறைந்துவிட, பேரன் தடாஹாரு சிறுவனாக இருந்ததால், முதிய யோஷிஹாருவே மீண்டும் பொறுப்பேற்று 1607இல் கமெதா குன்றின்மீது கோட்டைப் பணியைத் தொடங்கினார்.

கமெதா குன்று தனித்து நின்ற குன்று அன்று. வடக்கே இருந்த மேட்டுநிலத்தோடு அது ஒட்டியிருந்தது. அந்த இணைப்பை வெட்டிப் பிளந்து அங்கே அகழி தோண்டினர். வெட்டியெடுத்த மண்ணைக் கொண்டுபோய்க் கோட்டையின் பக்கங்களில் கிடந்த சதுப்பு நிலத்தை நிரப்பி, அந்த நிரவலின்மீது சாமுராய் வீரர்களுக்கு மனை வகுத்தனர். ஒரே வேலையில் எதிரிக்குத் தடையும் குடிக்கு மனையும் கிடைத்த இந்த ஏற்பாட்டைச் சிக்கனத்தின் உச்சம் எனலாம். கல் கட்டுவதற்கு ஒமி நாட்டின் அனோ என்ற ஊரைச் சேர்ந்த பேர்பெற்ற கற்கொத்தர்கள் வரவழைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. சாந்து பூசாமல், கல்லின் நீண்ட பக்கம் சுவருக்குள்ளும் குறுகிய முகம் வெளியிலும் இருக்கும்படி அடுக்கும் முறைக்கு 'கோபோ-சுமி' என்று பெயர். 'கோபோ' என்பது நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் ஒரு கிழங்கு வகை. பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தெரியும் அச்சுவர், மழைநீரை இடுக்குகளின் வழியே வெளியே விட்டுவிடுவதால் சரிவதில்லை. கற்கள் சிலவற்றில் ஹொரியோ குடும்பத்தின் முத்திரையான தராசுப் படிக்கல்லின் உருவம் இன்றும் தெரிகிறது.

மரவேலையிலும் இதே சிக்கனம் வெளிப்படுகிறது. தென்ஷுவின் தூண்களிலும் உத்தரங்களிலும் ஒரு பகுதி, கைவிடப்பட்ட தோதா கோட்டையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டது என்பதற்கு அவற்றின்மீது செதுக்கப்பட்ட குறிகள் சான்றாகின்றன. வெளியிலிருந்து நான்கு நிலைகளாகத் தெரிந்தாலும் உள்ளே நிலவறையோடு சேர்த்து ஆறு தளங்கள் கொண்ட இக்கட்டடத்துக்கு, அடிமுதல் முடிவரை ஓடக்கூடிய மாபெரும் மரங்கள் கிட்டவில்லை; அதனால் தச்சர்கள் இரண்டு தளங்களை மட்டும் தொட்டு நிற்கும் தூண்களை மாற்றி மாற்றி நிறுத்தி, மேல்தளத்தின் பாரத்தை நேர்கீழே இறக்காமல் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பரப்பினர். மொத்தம் 308 தூண்களில் 130 தூண்களுக்குப் பலகை போர்த்தி, இரும்புப் பட்டைகளாலும் கொண்டிகளாலும் இறுக்கியிருக்கிறார்கள். வெடித்த மரத்தையும் மெலிந்த மரத்தையும் ஒதுக்காமல் பயன்படுத்திக்கொண்ட தச்சனின் கெட்டிக்காரத்தனம் அது. ஏணிப்படிகள் மட்டும் 'கிரி' என்ற எடை குறைந்த மரத்தால் ஆனவை. எதிரி உள்ளே புகுந்துவிட்டால் படிகளைச் சட்டென்று மேலே இழுத்துக்கொள்ளவும், தீ எளிதில் பற்றாமல் இருக்கவும் அம்மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பர். நிலவறையில் கிணறும் உண்டு. முற்றுகை நீடித்தால் தென்ஷுவுக்குள்ளேயே தண்ணீர் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தோண்டப்பட்ட அந்தக் கிணறு அந்தத் தேவைக்கு ஒருநாளும் பயன்படவில்லை.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்த கூலியாட்களின் பெயர்களை ஏடுகள் வைத்திருக்கவில்லை. ஆனால் ஊர்க்கதைகள் அவர்களை வேறொரு வடிவில் நினைவில் வைத்திருக்கின்றன. கற்சுவர் திரும்பத் திரும்பச் சரிந்தபோது, கோடையில் முன்னோர்க்காக ஆடும் போன் நடனத்தில் சிறந்து ஆடிய ஒரு பெண்ணைப் பிடித்துச் சுவருக்கடியில் உயிரோடு புதைத்தனர் என்றும், பிறகு ஊரில் பெண்கள் நடனமாடும்போதெல்லாம் கோட்டை அதிர்ந்ததால் அந்த நடனமே தடைசெய்யப்பட்டது என்றும் ஒரு கதை. ஒஹாஷி ஆற்றின் பாலத்தூண் நிலைகொள்ளாமல் ஆழ்ந்தபோது கென்சுகே என்பவனை அங்கே பலியிட்டனர் என்பது இன்னொன்று. கீழாடையில் ஒரு குறிப்பிட்ட ஒட்டுத்துணி இல்லாமல் முதலில் பாலத்தைக் கடப்பவனையே பலியாக்குவது என்று முடிவு செய்திருக்க, அவன் அப்படி வந்து அகப்பட்டானாம். 'ஹிதோபஷிரா', அதாவது மனிதத் தூண் எனப்படும் இவ்வகைக் கதைகள் ஜப்பானின் பல கோட்டைகளுக்கும் பாலங்களுக்கும் உண்டு. மட்சுவேயில் அப்படி ஒரு பலி நடந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆயினும் கதையில் பலியாவது எப்போதும் ஒரு நாட்டியப் பெண்ணோ வழிப்போக்கனோ தானே ஒழிய ஒருபோதும் ஒரு சாமுராய் அல்ல என்பதைக் கவனித்தால், கோட்டை கட்டிய செலவு யார் தலையில் விழுந்தது என்பதை ஊர் மறக்கவில்லை என்று கொள்ளலாம்.

பணி ஐந்தாண்டுகளில் நிறைவை எட்டியது. 1611இல் தென்ஷு முடிந்த அதே ஆண்டில் யோஷிஹாருவும் இறந்தார். கோட்டைக்கு வெளியே ஊர் எப்படி வகுக்கப்பட்டது என்பதை ஹொரியோ காலத்து வரைபடம் ஒன்று வீட்டுக்கு வீடு காட்டுகிறது. கோட்டைக்கு மிக அருகே, தோனோமாச்சியில், உயர்நிலை அதிகாரிகளின் விரிந்த மனைகள். அவற்றுக்கு அப்பால் நடுத்தர வீரர்கள். அகழியைத் தாண்டி, முகப்பு குறுகி உள்ளே நீண்டு செல்லும் மனைகளில் வணிகர்களும் கைவினைஞர்களும். ஆற்றுக்குத் தெற்கே கோயில்களை வரிசையாக நிறுத்திய தெராமாச்சி. விசாலமான முற்றமும் உறுதியான சுவரும் கொண்ட கோயில்கள் போர்க்காலத்தில் படை கூடும் இடங்களாகப் பயன்படும் என்பதால், அவற்றை ஊரின் விளிம்பில் வைப்பது அக்காலத்து வழக்கம். அதற்கும் தெற்கே, எதிரி வரக்கூடிய திசையில், 'அஷிகாரு' எனப்படும் காலாட்படையினருக்கு நேர்நேரான சந்துகளுடன் சாய்கா-மாச்சி என்ற குடியிருப்பு அமைந்தது. சாமுராய் வகுப்பின் அடிப்படியில் இருந்த அந்தத் துப்பாக்கி வீரர்களின் சிறுமனைகளில் ஒன்றில்தான் 1866இல் வகாட்சுகி ரெய்ஜிரோ பிறந்தார். அவர் பின்னாளில் இருமுறை ஜப்பானின் தலைமை அமைச்சராக இருந்தார்.

ஊரின் தெருக்களில் நடப்பவர் இன்றும் ஓர் இடையூறை உணர்வார்: நேரே செல்வதுபோல் தோன்றும் தெரு திடீரென ஒரு சுவரில் முட்டி, கொக்கிபோல் வளைந்து, பிறகு மீண்டும் நேராகிறது. குதிரைப்படை ஒரே ஓட்டமாகக் கோட்டையை அடைந்துவிடாதபடி வேண்டுமென்றே வைத்த முறிவுகள் அவை. அகழிகளிற் சில தூர்க்கப்பட்டுச் சாலையாயின. எனினும் கோட்டையைச் சுற்றிய வளையம் பெரும்பாலும் நீரோடு இருப்பதால் அதில் படகு ஓடுகிறது. தாழ்வான பாலங்களை அணுகும்போது படகோட்டி குரல் கொடுக்க, படகின் கூரை ஒரு பொறியால் மெல்லக் கீழிறங்குகிறது; பயணிகள் அனைவரும், பதவியும் வயதும் பாராமல், முன்னால் குனிந்து முழங்காலில் தலை வைத்துக்கொள்கிறார்கள். வடபுற அகழிக்கரையில் பைன் மரங்கள் தண்ணீரின்மீது சாய்ந்து நிற்கும் தெருவுக்கு ஷியோமி நவாதே என்று பெயர்; 'நவாதே' என்பது கயிறுபோல் நீண்டு செல்லும் ஒற்றை வழி; 'ஷியோமி' என்பது அங்கே குடியிருந்து, விரைவாகப் பதவி உயர்ந்த ஓர் அதிகாரியின் குடும்பப் பெயர். தெருவுக்குப் பிரபுவின் பெயர் நிலைக்காமல் ஓர் அலுவலரின் பெயர் நிலைத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஊரின் இயல்புக்கு அது பொருத்தமானது.

ஏனெனில் 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்ததோடு உள்நாட்டுப் போர்க்காலம் முடிந்தது. அதே ஆண்டில் டொகுகாவா அரசு ஒரு நாட்டுக்கு ஒரு கோட்டையே இருக்கலாம் என்றும், அனுமதியின்றிக் கோட்டையைச் செப்பனிடவும் கூடாது என்றும் ஆணையிட்டது. வீரன் அலுவலன் ஆனான், கோட்டை அலுவலகமாயிற்று. டைம்யோவின் தகுதி இத்தனை 'கொகு' என்று அளக்கப்பட்டது. ஒரு கொகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி, ஒருவர் ஓராண்டு உண்ணும் அளவு என்று கொள்ளப்படுவது. ஹொரியோ குடும்பத்தின் கணக்கு 2,40,000 கொகு. பேரன் தடாஹாரு 1633இல் வாரிசின்றி இறக்க, அந்தக் கணக்கு அரசால் பறிக்கப்பட்டது. அடுத்து 1634இல் வந்த கியோகொகு தடாதாகாவும் மூன்றே ஆண்டுகளில் வாரிசில்லாமல் மறைந்தார். கத்தியால் வெல்ல முடியாத கோட்டையை இரண்டு மரணங்கள் கைமாற்றின. 1638இல் இயேயாசுவின் பேரனான மட்சுதைரா நவோமாசா 1,86,000 கொகு கணக்கோடு வந்து சேர்ந்தார். அதற்கு முன் மட்சுமோட்டோவை ஆண்டபோது, அங்கிருந்த இறுக்கமான போர்க்கோட்டையோடு நிலவு பார்ப்பதற்கென்றே மூன்று பக்கமும் திறந்த ஒரு மண்டபத்தைச் சேர்த்துக் கட்டியவர் அவர். காலம் மாறியதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் கட்டடம் வேறு கிடைப்பது அரிது. அவருடைய வழியினர் பத்துத் தலைமுறை மட்சுவேயை ஆண்டனர்.

அரிசியில் எழுதிய வருமானத்தின் சங்கடம், செலவு காசில் வந்ததுதான். டைம்யோக்கள் ஓராண்டு தம் ஊரிலும் மறு ஆண்டு தலைநகர் எதோவிலும் (இன்றைய டோக்கியோ) மாறி மாறித் தங்க வேண்டும், மனைவி மக்கள் எதோவிலேயே நிலையாக இருக்க வேண்டும் என்ற 'சன்கின் கோதாய்' ஏற்பாடு 1635இல் சட்டமானது. பரிவாரத்தோடு நெடுவழிப் பயணம், இரு இடங்களில் மாளிகை என்று செலவு ஏற, நெல் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் வரவு இறங்க, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மட்சுவே ஆட்சி கடனில் மூழ்கியது. எதோவின் வட்டிக்காரர்கள் அந்தப் பெயருக்குக் கடன் தர மறுக்கும் நிலைவரை சென்றது. 1767இல் பதவியேற்ற ஏழாம் பிரபு மட்சுதைரா ஹருசாதோ அப்போது பதின்மவயதினர். நிதியைச் சீர்படுத்தும் பொறுப்பு அசாஹி தன்பா என்ற மூத்த அமைச்சரிடம் விடப்பட, அவர் ஆட்குறைப்பு, செலவுக்குறைப்பு, உள்ளூர்க் கடன்களைச் செல்லாதாக்குதல் என்று கடுமையாக நடந்துகொண்டார். அச்சீர்திருத்தத்தின் வெற்றியைப் புகழ்ந்து எழுதுவோர் பலர். கடன் கொடுத்து ஏமாந்த உள்ளூர்க்காரர்களின் பக்கத்திலிருந்து எழுதியவர் குறைவு.

அரிசியை மட்டும் நம்பாமல் காசு தரும் பொருள்களை விளைவிப்பதும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. மருந்துக்கு ஆகும் ஜின்செங் வேரைப் பயிரிட்டுப் பதப்படுத்த ஒரு தனி அலுவலகமே நடந்தது. மெழுகு தரும் மரங்கள் வளர்க்கப்பட்டன. இசுமோவின் தென்மலைகளில் நெடுங்காலமாக நடந்துவந்த 'ததாரா' இரும்புத் தொழில் முன்பே, 1726 முதல், குறிப்பிட்ட சில குடும்பங்களின் உரிமையாக்கப்பட்டு ஆட்சியின் கட்டுப்பாட்டில் இருந்தது. களிமண்ணால் உலை கட்டி, மலைச்சரிவிலிருந்து கழுவியெடுத்த இரும்புமணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு துருத்தி ஊதி, இறுதியில் உலையையே உடைத்து எஃகுக் கட்டியை இழுத்தெடுப்பது அதன் முறை. ஒவ்வொரு முறையும் புது உலை வேண்டும்.

கணக்கு நேரானபின் ஹருசாதோ தேநீரில் தம் வாழ்வைச் செலவிட்டார். பதவியிலிருந்து 1806இல் விலகியபின் ஏற்ற ஃபுமாய் என்ற பெயரிலேயே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. தேநீர்ச் சடங்கு ஆடம்பரமாகிவிட்டதைக் கண்டித்து இருபது வயதளவில் ஒரு நூல் எழுதிய அவர், பின்னாளில் 'அபுராயா கதாட்சுகி' என்ற ஒரு சிறு தேயிலைச் சிமிழை 1,500 ரியோ பொன் கொடுத்து வாங்கினார். இந்த முரண்பாட்டை மன்னிக்க ஒரு காரணம் உண்டு: அரும்பொருள்களைத் தரம் பிரித்துப் படத்தோடு வரிசைப்படுத்தி அவர் வெளியிட்ட 18 தொகுதி நூல், ஜப்பானியத் தேநீர்க் கலன்களை ஆராய்வோருக்கு இன்றும் அடிப்படை நூலாக இருக்கிறது. 1779இல் அவர் விருப்பப்படி கட்டப்பட்ட மெய்மெய்-அன் என்ற புற்கூரைத் தேநீர்க்குடில் பலமுறை இடம் மாற்றப்பட்டு, 1966இல் கோட்டைக்கு வடக்கே உள்ள மேட்டில் மீண்டும் நிறுவப்பட்டது. கியோட்டோ, கனஸாவா ஆகியவற்றோடு இனிப்புக்குப் பேர்போன மூன்று ஊர்களில் ஒன்றாக மட்சுவே எண்ணப்படுவதற்கும் அவரே காரணம். அரிசிமாவும் சர்க்கரையும் சேர்த்து அழுத்திய, சிவப்பும் வெள்ளையுமாக வரும் 'யமாகாவா'வைக் கத்தியால் வெட்டுவதில்லை. கையால் விண்டுதான் தின்ன வேண்டும். 'வகாகுசா' என்பது பசும்புல் நிறப் பொடி தூவிய மெல்லிய அரிசிமாவுக் கட்டி. மறைந்துபோயிருந்த அதன் பக்குவம், டொகுகாவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி காலத்தில் மீட்டெடுக்கப்பட்டது.

பிரபுவின் தேநீர் இப்படி இருக்க, எளியவர்களுக்கும் ஒரு தேநீர் இருந்தது. 'போதே-போதே-சா' என்ற அதைச் செய்ய, காய்ந்த தேயிலைப் பூக்களைப் போட்டுக் கொதித்த தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, நீண்ட மூங்கில் துடைப்பம் போன்ற கலக்கியின் நுனியில் உப்பு தொட்டு அடிப்பார்கள். அடிக்கும்போது எழும் ஒலியே அதன் பெயர். நுரை கிண்ணத்தின் விளிம்புக்கு வந்ததும் ஒரு கைப்பிடிச் சோறு, வேகவைத்த பயறு, பொடியாக அரிந்த ஊறுகாய் ஆகியவற்றை நுரைமீது இட்டு, குச்சியால் எடுக்காமல், கிண்ணத்தின் அடியைத் தட்டித் தட்டி வாயில் சரித்துக்கொள்ள வேண்டும். ததாரா உலைக்காரர்கள் வேலைக்கு நடுவே ஒரு கையால் உண்ட உணவு அது என்றும், பஞ்சகாலத்தில் பிறந்தது என்றும் இரு வகையாகச் சொல்கிறார்கள். எதுவாயினும், ஃபுமாயின் பொற்காசுகள் எந்த உலையிலிருந்து வந்தன என்பதை அக்கிண்ணம் நினைவூட்டுகிறது.

1868இல் டொகுகாவா ஆட்சி வீழ்ந்து, 1871இல் டைம்யோ ஆட்சிநிலங்கள் ஒழிக்கப்பட்டு மாகாணங்களாயின. 1876இல் சாமுராய்களுக்குக் கிடைத்துவந்த அரிசி மானியமும் கடன்பத்திரமாக மாற்றப்பட்டு முடிந்தது. இப்படிக் கணக்கு மூடப்பட்டுவந்த ஆண்டுகளிலேயே கோட்டைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 1873இல் அரசு நாட்டுக் கோட்டைகளை, படைக்கு வேண்டியவை, விற்றுவிட வேண்டியவை என்று பிரித்து ஆணை வெளியிட்டது. மட்சுவே கோட்டை ஹிரோஷிமா படைத்தளத்தின் பொறுப்பில் இருந்தது. 1875இல் அதன் கட்டடங்கள் ஏலம் விடப்பட்டன. கொத்தளங்களும் வாயில்களும் ஒவ்வொன்று நான்கைந்து யென்னுக்குப் போய், பிரித்தெடுக்கப்பட்டு மறைந்தன. தென்ஷுவுக்கு விழுந்த விலை 180 யென். வாங்கியவருக்கு வேண்டியது அதன் மரமும் இரும்பும்தான்.

அதனைத் தடுத்தவர்கள் இருவர்: ஷுத்தோ வட்டாரத்துப் பெருவிவசாயியான கட்சுபே மோதோஎமோன், முன்னாள் சாமுராய் தகாகி கோன்பாச்சி. ஏலத்தொகையான 180 யென்னையே தாங்கள் செலுத்துவதாகக் கூறி, அதிகாரிகளிடம் மன்றாடி, தென்ஷுவை மட்டும் விற்பனையிலிருந்து மீட்டனர். இதே காலத்தில் மட்சுமோட்டோவில் 235 ரியோவுக்கு விலைபோன தென்ஷுவை இச்சிகாவா ரியோஸோ என்பவர் பொருட்காட்சி நடத்தி, ஊரைத் திரட்டிக் காப்பாற்றியதையும் சேர்த்துப் பார்த்தால், கோட்டைகளைக் காத்தது அவற்றில் வாழ்ந்த பிரபுக்கள் அல்லர் என்பது தெரிகிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அக்கோட்டைக்கு அரிசி அளந்த வகுப்பைச் சேர்ந்த ஒருவரே அதைக் காசு கொடுத்து மீட்க முன்வந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மீட்கப்பட்டாலும் கோபுரம் பராமரிப்பின்றிச் சிதைந்தது. 1889இல் ஆளுநர் கோதேதா யசுசாதாவின் முயற்சியால் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அமைந்து, 1894இல் செப்பனிடும் பணி நடந்தது. இதே ஆளுநர் காலத்தில்தான், 1890 ஆகஸ்டு 30 அன்று, ஆங்கில ஆசிரியராக லஃப்காடியோ ஹேர்ன் ஊருக்கு வந்தார். கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் செய்தியாளராக இருந்த அவர், ஏழ்மைக்குத் தள்ளப்பட்ட சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவை மணந்தார். அரிசி மானியம் நின்றபின் தறியில் நெய்து வீட்டைத் தாங்கியவர் அந்தப் பெண். அகழிக்கரையில் ஒரு சாமுராய் வீட்டில் சில மாதங்கள் வாழ்ந்த ஹேர்ன், 1891 நவம்பரில் குளிர் தாங்காமல் தெற்கே குமாமோட்டோவுக்குப் போய்விட்டார். மொத்தத்தில் பதினைந்து மாதங்களுக்குக் குறைவாகவே தங்கினாலும், மனிதத் தூண் கதைகள் உலகுக்குத் தெரிந்தது 1894இல் வெளியான அவருடைய நூலால்தான். அவர் வாழ்ந்த வீடு தோட்டத்தோடு இன்றும் இருக்கிறது. கோட்டை வளாகத்துக்குள் 1903இல் பேரரசரின் வருகைக்கென்று மேலைநாட்டுப் பாணியில் கோவுன்காகு மாளிகையைக் கட்டினார்கள். பேரரசர் வரவேயில்லை, நான்காண்டுகள் கழித்துப் பட்டத்து இளவரசர்தான் வந்து தங்கினார்.

தொடர்வண்டி 1908இல்தான் மட்சுவேயை எட்டியது, பெருந்தொழிற்சாலைகள் வரவில்லை. அன்று குறையாகக் கருதப்பட்ட அந்தப் பின்தங்கலே 1945இல் ஊரைக் காத்தது. நகோயா, ஒகாயாமா, ஃபுகுயாமா, வகாயாமா, ஒகாகி, ஹிரோஷிமா ஆகிய ஊர்களின் தென்ஷுக்கள் அந்த ஆண்டில் அழிந்தன; மட்சுவே பெருந்தீக்கு இரையாகவில்லை. 1950 முதல் 1955 வரை தென்ஷு முழுவதும் பிரிக்கப்பட்டு, பழுதான மரம் மாற்றப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டது.

அதற்குள் வேறொரு சங்கடம் எழுந்திருந்தது. 1935இல் பழைய சட்டப்படி தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட தென்ஷு, 1950இல் புதிய பண்பாட்டுச் சொத்துச் சட்டம் வந்தபோது ஒருபடி கீழே, முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்ற வகைக்கு இறக்கப்பட்டது. மீண்டும் தேசியச் செல்வமாக வேண்டுமானால், அது 1611இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்பதற்கு எழுத்துச்சான்று வேண்டும்; அச்சான்று தொலைந்துபோயிருந்தது. 1937இல் ஓர் ஆய்வாளர் தென்ஷுவுக்குள் இரண்டு வேண்டுதல் பலகைகளைக் கண்டு குறிப்பெடுத்திருந்தார்; பிறகு அவை எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. நகராட்சி பரிசுத்தொகைகூட அறிவித்துத் தேடியது. 2012 மே மாதம் அவை கோட்டை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மட்சுவே கோயிலில் கிடைத்தன. கெய்ச்சோ 16ஆம் ஆண்டு முதல் மாதம், அதாவது 1611 தொடக்கம், என்ற எழுத்து அகச்சிவப்பு ஒளியில் தெளிந்தது. ஆயினும் அப்பலகைகள் வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம் என்ற ஐயம் எஞ்சியிருந்தது. ஆய்வாளர்கள் நிலவறைக்கு இறங்கித் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். அவற்றுள் இரண்டில் இருந்த ஆணித்துளைகள் பலகைகளின் துளைகளோடு பொருந்தின. 2015 ஜூலை 8 அன்று மட்சுவே தென்ஷு மீண்டும் தேசியச் செல்வமாயிற்று.